மீட்டரைக் குறைத்து விற்ற கார்: கன்சல்டிங்கிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

கேள்வி கேட்டவர் திருப்பூர்க்காரர். கோவையில் ஒரு கார் கன்சல்டிங்கில் (பழைய கார் விற்றுக் கொடுக்கும் கடை) 2016 மாடல் டீசல் கார் ஒன்றை 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கு எடுத்திருக்கிறார். 3 லட்சம் வங்கிக் கடன், மீதி கைப்பணம். எடுக்கும்போது மீட்டர் 62,000 காட்டியது. பத்தாம் நாள் பொள்ளாச்சி ரோட்டில் இஞ்சின் சூடேறி வண்டி நின்றுவிட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு இழுத்துப் போனால், அவர்கள் கம்ப்யூட்டரில் இதே வண்டி 2021லேயே 1,18,000 கிலோமீட்டரில் சர்வீஸுக்கு வந்த பதிவு இருக்கிறது. கன்சல்டிங்காரரிடம் போய்க் கேட்டால், "செகண்ட் ஹேண்டுக்கு ஏதுங்க கேரண்டி? டெலிவரி நோட்டுல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நான் நடுவுல இருந்து முடிச்சுக் கொடுத்தவன், அவ்வளவுதான்" என்கிறார். வண்டி எடுத்து 19 நாள் ஆகிறது, ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா என்பது கேள்வி.

கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்கும் விதத்தில் கேட்டால் கிடைக்காது. கேள்வி முழுக்க இஞ்சினைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். மீட்டர் விஷயம் கடைசியில் ஒரு வரியாக வருகிறது. இதைத் தலைகீழாகப் போடுங்கள். நான் இருபது வருஷத்துக்கு மேல் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவன். பழைய வண்டித் தகராறுகளில் அறிக்கை கொடுக்கவும் சாட்சி சொல்லவும் நுகர்வோர் மன்றப் படி ஏறியிருக்கிறேன். அங்கே "இஞ்சின் போச்சு" என்று மட்டும் சொல்லிப் போனவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பினார்கள். "பொய் சொல்லி விற்றார், இதோ அத்தாட்சி" என்று போனவர்கள்தான் ஜெயித்தார்கள்.

காரணம் எளிது. பழைய வண்டி என்றால் தேய்மானம் இருக்கத்தான் செய்யும், அதற்காகத்தான் விலையும் குறைவு. 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 16, வியாபாரி விற்கும் பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. கூடவே, வாங்குபவர் பொருளைப் பார்த்து வாங்கியிருந்தால், அந்தப் பார்வையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளைப் பின்னால் சொல்ல முடியாது என்றும் சொல்கிறது. நீங்கள் மெக்கானிக்கோடு போய் வண்டியை ஓட்டிப் பார்த்துத்தானே எடுத்தீர்கள்? எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் எல்லாம் பத்து வருஷ டீசல் வண்டியில் எப்போது வேண்டுமானாலும் போகும் என்பார். அதுவும் பொய்யில்லை.

மீட்டர் கதை வேறு. டிஜிட்டல் மீட்டரில் ஓட்டக் கணக்கு ஒரு சின்ன மெமரி சிப்பில் இருக்கிறது. கருவியை மாட்டி எண்ணை மாற்றி எழுத அரை மணி நேரம் போதும். எந்த மெக்கானிக்கும் கண்ணால் பார்த்து அதைச் சொல்ல முடியாது. பெடல் ரப்பரும் ஸ்டியரிங்கும் தேய்ந்திருந்தால் சந்தேகம் வரும், அவ்வளவுதான். கன்சல்டிங்கில் அதையும் ஐந்நூறு ரூபாயில் மாற்றிவிடுவார்கள். ஆனால் சர்வீஸ் சென்டர் ஜாப் கார்டில் ஏறிய எண்ணை இவர்களால் தொட முடியாது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் தேதியும் கிலோமீட்டரும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். வண்டி எப்போதாவது அடிபட்டு இன்சூரன்ஸ் க்ளெய்ம் ஆகியிருந்தால் சர்வே அறிக்கையிலும் மீட்டர் அளவு இருக்கும். நாங்கள் ஸ்பாட்டில் எடுக்கும் படங்களில் மீட்டர் படம் கட்டாயம் உண்டு.

உங்கள் வழக்கின் உயிர் இந்த 1,18,000தான். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 17, 19 பிரிவுகளின்படி, ஏமாற்றி வாங்கிய சம்மதத்தில் உருவான ஒப்பந்தத்தை ஏமாந்தவர் ரத்து செய்யலாம். பிரிவு 19இல் ஒரு விலக்கு இருக்கிறது: சாதாரண முயற்சியில் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால் ரத்து செய்ய முடியாது. "சர்வீஸ் சென்டரில் முன்னாலேயே விசாரித்திருக்கலாமே" என்று இதை வைத்துத்தான் கேட்பார்கள். பயப்பட வேண்டாம். தெரியாமல் தவறாகச் சொன்னதற்கும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மறைத்ததற்கும்தான் அந்த விலக்கு. தெரிந்தே வாய்விட்டுச் சொன்ன பொய்க்கு அது பொருந்தாது. ஆகவே நீங்கள் நிரூபிக்க வேண்டியது இரண்டு: அவர் 62,000 என்று சொன்னார், அது பொய் என்று அவருக்குத் தெரியும்.

முதலாவதற்கு விளம்பரம் இருக்கும். "62 ஆயிரம் கிமீ, ஒரே ஓனர்" என்று ஓ.எல்.எக்ஸ்.ஸிலோ ஃபேஸ்புக்கிலோ போட்டிருப்பார், இல்லாவிட்டால் வாட்ஸப்பில் படம் அனுப்பியிருப்பார். இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாளைக்கு அந்த விளம்பரம் இருக்காது. அந்தப் போனை மாற்றவும் வேண்டாம், அரட்டையை அழிக்கவும் வேண்டாம். மின்னணுச் சாட்சியத்தைத் தாக்கல் செய்யும்போது அதற்கென ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். முன்பு 65பி என்பார்கள்; புதிய சாட்சியச் சட்டத்தில் அது பிரிவு 63.

இரண்டாவதற்கு, நீங்கள் நினைத்தே பார்க்காத ஒருவர் உதவுவார். ஆர்.சி.யில் பெயர் இருக்கும் பழைய ஓனர்தான் அவர். பெரும்பாலும் அவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். உண்மையான மீட்டரோடு கன்சல்டிங்கில் வண்டியை விட்டிருப்பார், படம்கூட வைத்திருப்பார். சண்டைக்குப் போவது போல் போகாமல், "அண்ணா, நீங்க குடுக்கும்போது எவ்வளவு ஓடியிருந்துச்சு?" என்று நிதானமாகக் கேளுங்கள். அவருக்கும் ஒரு பயம் உண்டு. ஆர்.சி. அவர் பெயரில் இருக்கும்வரை வண்டி எங்காவது மோதினால் இழப்பீட்டு வழக்கு அவர் வீட்டுக்குத்தான் வரும். பதிவில் பெயர் இருப்பவரே ஓனர் என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் இந்த விவகாரம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று உங்களைவிட அவர் விரும்புவார். அவரிடமிருந்து "இந்தத் தேதியில், இத்தனை கிலோமீட்டரில், இன்ன தொகைக்குக் கொடுத்தேன்" என்று ஒரு வாட்ஸப் செய்தி வாங்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அந்தச் செய்தி இன்னொரு பூட்டையும் திறக்கும். "நான் நடுவில் இருந்தவன்தான்" என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் வசனம். அது நிற்குமா என்பது முக்கியமான கேள்விதான். ஏனென்றால் ஒரு தனிமனிதர் தன் சொந்தக் காரை விற்றால் அது வியாபாரம் ஆகாது, அவர்மேல் நுகர்வோர் வழக்கு பெரும்பாலும் நிற்காது. வியாபாரிமேல் நிற்கும். அதனால் பணம் யாருக்குப் போனது என்று பாருங்கள். வங்கி அந்த 3 லட்சத்தை யார் கணக்கில் போட்டது? கன்சல்டிங் கணக்கில் என்றால், கடன் கோப்பில் இருக்கும் கொட்டேஷனும் அவர் லெட்டர்ஹெட்டில்தான் இருக்கும். வங்கியிடம் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். பழைய ஓனருக்குக் கிடைத்தது 3 லட்சத்து 70 ஆயிரம், நீங்கள் கொடுத்தது 4 லட்சத்து 60 ஆயிரம் என்றால், நடுவில் நின்ற 90 ஆயிரத்தைக் கமிஷன் என்று எந்த மன்றமும் நம்பாது. அப்படியே கமிஷன்தான் என்று வாதத்துக்கு ஒப்புக்கொண்டாலும், கமிஷன் வாங்கிச் செய்தது ஒரு சேவை, அதில் ஏமாற்றினால் சேவைக் குறைபாடு. இரண்டு பக்கமும் அவருக்கு அடைப்புத்தான்.

இதில் 2023 ஏப்ரல் 1 முதல் இன்னொரு பிடியும் வந்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் செய்த திருத்தப்படி, பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் பதிவு அதிகாரியிடம், அதாவது ஆர்.டி.ஓ.விடம், அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். ஐந்து வருஷத்துக்குச் செல்லும். ஓனர் வண்டியை விடும்போது படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும். அது முதல் அந்த வியாபாரியே ஓனராகக் கருதப்படுவார். உங்கள் ஆள் இதைச் செய்திருந்தால் ஓனர் அவர்தான், பேச்சே இல்லை. செய்யாவிட்டால் அங்கீகாரமே இல்லாமல் தொழில் நடத்துகிறார். எது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரித்து வைத்துக்கொண்டு, பணம் கேட்டு அவருக்கு அனுப்பப்போகும் நோட்டீஸில் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரிக்கு அவர் அதிகம் யோசிப்பார்.

சரி, டெலிவரி நோட்டுக்கு வருவோம். "வண்டியை இருக்கும் நிலையில் முழு திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், பின்னர் எந்தக் குறைக்கும் விற்பவர் பொறுப்பல்ல" என்று அச்சடித்த தாளில் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். அதற்கு மதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். சாதாரணப் பழுதுக்கு அது அவருக்குக் கேடயம்தான். ஆனால் பொய்க்குக் கேடயம் ஆகாது. மீட்டரை மாற்றியது தெரியாமல் கொடுத்த "முழு திருப்தி" என்ன திருப்தி? டெலிவரி நோட்டிலேயே அப்போதைய கிலோமீட்டர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 62 ஆயிரத்துச் சொச்சம் என்று அவர் கைப்பட எழுதியிருந்தால், அவர் காட்டும் அதே தாள் உங்கள் சாட்சியாகிவிடும். எடுத்துப் பாருங்கள்.

இப்போது வண்டி. இன்று முதல் அதை ஓட்டாதீர்கள். சூடேறிய இஞ்சினை மறுபடி ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும், "இவர் ஓட்டித்தான் கெடுத்தார்" என்பார்கள். நீங்கள் ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பயன்பாட்டுக் கழிவு என்று தொகையைக் குறைக்கவும் இடமுண்டு. இன்சூரன்ஸும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கும். மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு உங்களிடம் வந்துவிட்டதாகக் கருதப்படும், உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்குக் கிடைக்காது. மீட்டரைத் தேதியோடு படம் எடுத்து நிழலில் நிறுத்திவிடுங்கள். இஞ்சினைப் பிரிக்கவும் வேண்டாம். முதலில் சர்வீஸ் சென்டர் லெட்டர்ஹெட்டில் எஸ்டிமேட்டும் சர்வீஸ் வரலாறும் வாங்குங்கள். வரலாற்றைக் கொடுக்கத் தயங்கினால் பழைய ஓனரைவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். லைசென்ஸ் உள்ள ஒரு சர்வேயரிடமோ ஆட்டோமொபைல் இன்ஜினியரிடமோ தனியாக ஓர் ஆய்வறிக்கையும் வாங்கிவிடுங்கள். சில ஆயிரம் செலவாகும், தகும்.

நோட்டீஸ் போன உடனே கன்சல்டிங்காரர் இறங்கி வருவார். எப்படி இறங்குவார் என்று எனக்குத் தெரியும். "வண்டியைக் கொண்டாந்து விடுங்க, நம்ம ஆளு இஞ்சின் வேலை பார்த்துத் தருவான், ஒரு பைசா வேண்டாம்." கொண்டுபோய் விடாதீர்கள். வண்டி அவர் ஷெட்டுக்குள் போனதும் உங்கள் அத்தாட்சி முழுக்க அவர் கையில். மீட்டர் யூனிட்டே மாறி வரலாம். இன்னொன்று, "வேற வண்டி எடுத்துக்கோங்க, அம்பதாயிரம் மட்டும் மேல போடுங்க." ஒரு வண்டியில் மீட்டரைத் திருப்பியவர் அடுத்ததில் மட்டும் யோக்கியமாக இருப்பாரா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஒரு காரை டோட்டல் லாஸ், அதாவது சரிசெய்து பயனில்லை, என்று நானே எழுதினேன். ஒன்றரை வருஷம் கழித்து வேறு ஊரில், வேறு ஒருவருடைய க்ளெய்முக்காகப் போனால் அதே சேஸிஸ் நம்பர் என் எதிரே நிற்கிறது. சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார்த்தேன், அடியில் சேறு அப்படியே காய்ந்திருந்தது. வாங்கியவர் அதை நல்ல கண்டிஷன் வண்டி என்று எக்ஸ்சேஞ்சில் எடுத்தவர். அதிலிருந்து எக்ஸ்சேஞ்ச் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அந்தச் சேற்று வாடைதான் வருகிறது.

நோட்டீஸை நீங்களே எழுதலாம். எப்போது, எதற்கு வாங்கினீர்கள், என்ன சொன்னார், உண்மை என்ன, ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், வண்டி திருப்பித் தரத் தயார், 15 நாளில் முழுத் தொகையும் வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம் போதும். கோபத்தைக் கலக்காதீர்கள். "பணம் தராவிட்டால் கிரிமினல் கேஸில் உள்ளே தள்ளுவேன்" என்றும் எழுத வேண்டாம், அது உங்கள்மேலேயே திரும்பும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, டெலிவரி ஆனதற்கான அத்தாட்சியைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். பதிவுத் தபாலை 2025இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். பழைய நினைப்பில் தபால் ஆபீஸில் அட்டை கேட்டு நிற்க வேண்டாம். நாள் கடத்தாமல் இந்த வாரமே அனுப்பச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பில்லில் காலக்கெடு எதுவும் போடாத நிலையில், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(47) நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. நீங்கள் 19ஆம் நாளில் இருக்கிறீர்கள். முறையான பில் கொடுக்காததும் அதே பிரிவில் வரும். பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. குறை இருக்க வேண்டும்.

15 நாளில் பதில் இல்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பெரிய நிறுவனங்கள் அதற்கு அசையும். தெருமுனைக் கன்சல்டிங் அசையுமா என்பது சந்தேகம்தான். அப்புறம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கோவைக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் திருப்பூரிலேயே போடலாம். பழைய சட்டத்தில் இல்லாத வசதி இது. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது, உங்கள் 4 லட்சத்து 60 ஆயிரம் அதற்குள் வந்துவிடுகிறது. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் வைத்து, குறுக்கு விசாரணை என்று ஆரம்பித்தால் நீங்களும் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது. பழைய ஓனரையும் ஒரு தரப்பாகச் சேருங்கள். அவரிடமிருந்து எதுவும் கேட்க வேண்டாம், ஆர்.சி. அவர் பெயரில் இருப்பதால் ஆணையத்தின் உத்தரவு அவரையும் கட்டுப்படுத்த வேண்டும், அதற்காக.

கேட்கும் தொகையில் வண்டி விலை, வட்டி, இழுத்துப் போன செலவு, ஆய்வறிக்கைச் செலவு, கடனுக்குக் கட்டிய ப்ராசசிங் கட்டணம், மன உளைச்சல், வழக்குச் செலவு எல்லாம் சேரும். மன உளைச்சலுக்கு 10 லட்சம் என்றெல்லாம் போட்டு உங்கள் நம்பகத்தன்மையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மேலே 15 நாள்தான் நீட்டிக்கலாம். சட்டப்படி மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிய வேண்டும். நடக்காது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தீர்ப்பு வந்தும் பணம் தராவிட்டால் பிரிவு 72இல் ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 25 ஆயிரம் முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மேல்முறையீட்டுக்குப் போக நினைத்தால் உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

போலீஸ்? ஏமாற்றுதல் என்பது பாரதிய நியாய சன்ஹிதா 318இல் வரும் குற்றம்தான், புகார் கொடுக்கலாம். ஆனால் முதல் வேலையாக அதைச் செய்யாதீர்கள் என்பது என் எண்ணம். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான ரசீது) போட்டு இருவரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். அங்கே சோர்ந்துபோய் 60 ஆயிரத்துக்குச் சமாதானம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாள் பிறகு ஆணையத்தில் உங்கள் கழுத்தைப் பிடிக்கும்.

நோட்டீஸுக்கும் தாக்கலுக்கும் நடுவில் அவரே சமாதானத்துக்கு வரக்கூடும். முழுத் தொகையில் இருபது, முப்பது ஆயிரம் குறைத்துத் தருகிறேன் என்றால் நான் வாங்கிக்கொள்வேன். ஒரு வருஷ அலைச்சலுக்கு விலை போட்டால் அது லாபம். எழுத்தில் வாங்குங்கள். முதலில் வங்கிக் கடன் கணக்கு நேராக முடிய வேண்டும், மீதி உங்கள் கணக்கில் ஏற வேண்டும், அதன் பிறகே சாவியும் ஆர்.சி.யும். செக் கொடுத்தால் பாஸ் ஆகும்வரை வண்டி உங்கள் வாசலில்தான்.

கடைசியாக ஒன்று. "கார்தான் ஓடவில்லையே, தவணையை நிறுத்திவிடலாமா" என்று ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். நிறுத்தாதீர்கள். வங்கிக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தம் தனி, அவர்களுக்கு இந்தத் தகராறில் சம்பந்தமில்லை. இரண்டு தவணை தவறினால் சிபில் ஸ்கோர் போய்விடும். சில இடங்களில் வண்டியையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அத்தாட்சி அவர்களோடு யார்டுக்குப் போய்ச் சேரும். கட்டிய ஒவ்வொரு தவணையின் வட்டியையும் குறித்து வையுங்கள், மனுவில் அதையும் கேட்கலாம். ஆர்.சி. மாற்றத்துக்கான படிவம் 29, 30 இன்னும் உங்கள் கையில் இருந்தால் அப்படியே வைத்திருங்கள். பெயர் மாறாத வண்டியைத் திருப்பிக் கொடுப்பது, பெயர் மாறி, கடன் பதிவும் ஏறிய வண்டியைத் திருப்பிக் கொடுப்பதைவிட எவ்வளவோ சுலபம்.